கையேட்டில் பக்கம் இல்லாத கட்டளைகள்

ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியின் அடிப்படைக் கையேட்டில் ‘டயக்னோஸ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட) எண் 83; இனி வரும் கட்டளை எண்களும் வேலை எண்களும் அந்த முறையில்தான். கையேட்டில் விவரிக்கப்படும் மற்றக் கட்டளைகளுக்கு அசெம்பிளரில் (இயந்திரக் கட்டளைகளைப் பெயர்களால் எழுதும் மொழியில்) எழுத ஒரு சுருக்கப்பெயர் உண்டு, இதற்குக் கிடையாது. காரணத்தைக் கையேடே சொல்கிறது: பயனர் நிரலோ இயங்குதளமோ பயன்படுத்துவதற்காக இது வைக்கப்படவில்லை, ஆகவே பெயரும் வைக்கப்படவில்லை. அடுத்து வரும் எச்சரிக்கையைப் படித்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். இதைத் தவறாகப் பயன்படுத்தினால் இல்லாத கோளாறை இருப்பதாக இயந்திரம் காட்டலாம், உண்மையான கோளாறைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். மற்றக் கட்டளைகளும் சேனல்களும் (வெளிச் சாதனங்களோடு தரவைப் பரிமாறும் வழிகளும்) வேலை செய்யும் விதமே மாறி, இந்தக் கையேட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகாமல் ஆகலாம். கடைசியில் இயந்திரத்தை முதலிலிருந்து கிளப்ப வேண்டிய நிலைகூட வரலாம்.

அதாவது, தான் சொல்லும் எதுவும் செல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு என்று ஒரு கையேடு தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மெயின்ஃபிரேமுக்குக் கீழ்மட்ட நிரல் எழுதுவது என் தொழில். எழுதப்பட்ட பகுதியோடு எவ்வளவு புழங்குகிறேனோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் எழுதப்படாத பகுதியோடும் புழங்க வேண்டியிருக்கிறது.

முதலில் எழுதப்பட்ட பகுதிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டபோது, சிறியதும் பெரியதுமான பல மாடல்கள் ஒரே நிரலை ஓட்டும் என்பதுதான் பெரிய செய்தி. உள்ளே ஒவ்வொன்றும் வேறு இயந்திரம். மாடல் 30-ன் மைக்ரோகோட் (கட்டளைகளை நடத்திக் காட்டும் உள்நிரல்), துளை அட்டை அளவிலான தகடுகளில் துளைகளாகவே இருந்தது. தகட்டை மாற்றினால் மைக்ரோகோடும் மாறிவிடும். பெரிய மாடல்களில் கதை வேறு. இத்தனை வித்தியாசங்களுக்கும் மேலே நின்று, ‘நிரல் எழுதுகிறவன் நம்பக்கூடியது இவ்வளவு’ என்று கோடு போட்டுக் காட்ட ஓர் ஆவணம் தேவைப்பட்டது. ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்’ கையேடு அப்படித்தான் வந்தது. ஜீன் அம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெடெரிக் புரூக்ஸ் மூவரும் அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், கணினியின் கட்டமைப்பு என்பது நிரலாளர் கண்ணுக்குத் தெரியும் குணங்கள்தான், உள்ளே மின்சுற்று எப்படி இருந்தாலும் சரி என்று தெளிவாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் ஒரு கட்டளை எந்தச் சூழலில் எந்தப் பிழையைத் தரும், இரண்டு பிழைகள் ஒன்றாக வந்தால் எது முந்தும் என்பதுவரை அந்தக் கையேடு சொல்கிறது. இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட தொழில்நுட்ப ஆவணத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கோடு என்று ஒன்று போட்டால் அதற்கு மறுபக்கமும் உண்டல்லவா? கட்டமைப்புக்குள் வராததெல்லாம் ‘மாடலைப் பொறுத்தது’ என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கியது. 83 அந்தப் பக்கத்துக்குப் போகும் வாசல்.

அந்த வாசலை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் பழுது பார்ப்பவர்கள் இல்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில், ஒரே கணினியைப் பல கணினிகள்போலக் காட்டும் சிபி-67 என்ற மெய்நிகர் இயந்திர அமைப்பைக் கட்டியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே ஓடும் இயங்குதளம், தன்னைத் தாங்கி நிற்கும் அமைப்போடு பேச வேண்டும். அதற்காகப் புதுக் கட்டளை ஒன்றைக் கற்பித்துக்கொண்டால், பிற்பாடு ஹார்டுவேரில் அதே எண் வேறு வேலைக்கு வந்து மோதும். டயக்னோஸோ மாடலைப் பொறுத்தது. மெய்நிகர் இயந்திரத்தையும் ஒரு மாடலாக எடுத்துக்கொண்டால், 83 அங்கே என்ன செய்யும் என்று முடிவு செய்யும் உரிமை அதைக் கட்டியவர்களுக்கு வந்துவிடுகிறது. கையேட்டின் ஓர் எழுத்தையும் மீறாமல் கண்டுபிடித்த வழி இது. இந்தத் துறையில் நான் படித்த தர்க்கங்களில் மனதுக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

பெயர் இல்லாததால் அசெம்பிளரில் நான்கு பைட்டுகளை அப்படியே தரவாக எழுதிவிடுவது வழக்கம்: 83 12 00 08. முதல் பைட் கட்டளை. அடுத்த இரண்டு இலக்கங்களும் ரெஜிஸ்டர்கள், அதாவது பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள். 1-ல் ஓர் ஆணை இருக்கும் முகவரி, 2-ல் அதன் நீளம். கடைசி இரண்டு பைட்டுகள் வேலையின் எண். எட்டு என்றால், ‘இந்த ஆணையை உன் கன்சோலில் அடித்ததுபோல நிறைவேற்று’ என்று பொருள். வேலை எண்கள் வருடத்துக்கு வருடம் பெருகின. 44, ‘என் முறையை விட்டுக்கொடுக்கிறேன், அடுத்தவரை ஓட்டு’ என்று சொல்வது. 288 காவல் டைமர். 308-ல் இயந்திரத்தை மறுபடி கிளப்பலாம். லினக்ஸின் மெய்நிகர் இயந்திர அமைப்பான கேவிஎம்மில் 500 என்பது உள்ளே ஓடும் லினக்ஸ் வெளியே உள்ள லினக்ஸைத் தட்டிக் கூப்பிடுவது.

இவற்றில் எவை எழுதப்பட்டவை, எவை எழுதப்படாதவை என்று பார்த்தால் ஒரு கோலம் புலப்படும். சிபி-67-ன் வாரிசான விஎம் தரும் எண்களுக்கு ஐபிஎம் முறையான கையேடு வெளியிடுகிறது. கேவிஎம் எண்களுக்கு லினக்ஸ் கர்னலோடு (அதன் மையப் பகுதியோடு) சேர்ந்தே ஒரு சின்ன ஆவணம் வருகிறது. மென்பொருளாக இருக்கும் அடுக்கு தன் வாசலை எழுதிவைக்கிறது. ஆனால் அதற்கும் கீழே, இயந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் எல்பார் அடுக்கு ஒன்று உண்டு. 1988-ல் 3090 இயந்திரங்களில் வந்தது. எந்தப் பகுதி எவ்வளவு பிராசசர் நேரம் தின்றது என்று அதனிடம் கேட்க 204 என்ற எண் இருக்கிறது. பொது ஆவணம் தேடினால் கிடைக்காது. லினக்ஸின் ஹைப்எஃப்எஸ் என்ற பகுதி அதைத்தான் கூப்பிட்டுக் கோப்புகளாகக் காட்டுகிறது. பிராசசர் வகைகளின் பெயர்களுக்கு 224-ஐக் கூப்பிட்டு, வருவதை எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக் குறியீட்டிலிருந்து பரவலான ஆஸ்கிக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த மூலநிரலைப் படித்தால்தான், திரும்பி வரும் அட்டவணையில் எந்த பைட் எதற்கு என்று தெரியும்.

இனி நான் அதிகம் புழங்கிய இடத்துக்கு வருகிறேன். இயங்குதளம் எதுவும் இல்லாத வெறும் இயந்திரத்தில் ஒரு நிரலை ஏற்றுகிறீர்கள். திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மற்றக் கணினிகளில் இதற்கு சீரியல் போர்ட் இருக்கும், அதற்கு ஊரறிந்த ஆவணமும் இருக்கும். மெயின்ஃபிரேமில் பழைய வழி சேனல் வழியாக ஒரு டெர்மினலுக்கு எழுதுவது. அதற்குத் தேவையான சேனல் கட்டளைகள் எல்லாம் கையேட்டில் நன்றாக விளக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்றைய இயந்திரத்தில் உங்கள் பகுதிக்கு அப்படி ஒரு டெர்மினல் பொருத்தப்பட்டிருக்கும் என்ற நிச்சயம் இல்லை. நிச்சயமாக இருப்பது ஹார்டுவேர் மேலாண்மை கன்சோல். அதற்குப் போகும் வழி எஸ்சிஎல்பி என்கிற சர்வீஸ் இடைமுகம். கூப்பிட வேண்டிய கட்டளை பி220.

கையேட்டில் பி220-க்குப் பக்கம் இல்லை. ஆனால் இன்டரப்ட்களை (ஓடும் நிரலை இடைமறிக்கும் அறிவிப்புகளை) விளக்கும் அத்தியாயத்தில் ‘சர்வீஸ் சிக்னல்’ என்ற இன்டரப்ட் இருக்கிறது. அதன் குறியீடு ஹெக்ஸில் 2401, அதை அனுமதிக்கும் பிட் கன்ட்ரோல் ரெஜிஸ்டர் 0-ல் 54-வது, கூடவே 32 பிட் அளவில் ஒரு மதிப்பு நினைவகத்தின் 128-வது முகவரியில் வந்து உட்காரும் என்று எல்லாம் விளக்கமாக இருக்கிறது. எப்போது வரும்? டயக்னோஸ் போன்ற மாடல் சார்ந்த வழிகளில் தொடங்கிய சில வேலைகள் முடிந்ததும் வரும் என்கிறது. மணி எப்படி அடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பொத்தான் எங்கே என்று எழுதவில்லை.

பொத்தான் இருக்கும் இடம் லினக்ஸ் கர்னலிலும், வேறு கணினியாக நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளான கியூஇஎம்யூவின் பூட் நிரலிலும் தெரியும். பி220-க்கு இரண்டு ரெஜிஸ்டர்கள். ஒன்றில் ஆணை எண், இன்னொன்றில் ஒரு தரவுக் கட்டத்தின் முகவரி. கட்டத்தின் முதல் எட்டு பைட்டுகள் தலைப்பு: நீளத்துக்கு இரண்டு பைட், வேலை வகைக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு மூன்று, இயந்திரம் பதில் எழுத இரண்டு. அதற்கடுத்து நிகழ்வின் தலைப்பு ஆறு பைட்: நீளம், வகை, கொடி, காலியாக விட்ட இரண்டு. அதன் பின்னால் நீங்கள் காட்ட நினைக்கும் எழுத்து. ஆக ஓர் எழுத்தைக் காட்ட மொத்தம் 15 பைட்.

அதை மட்டும் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. எந்த வகை நிகழ்வுகளை அனுப்பப் போகிறேன், எவற்றைப் பெற்றுக்கொள்வேன் என்று முதலில் முகமூடி ஒன்றை (வகைக்கு ஒரு பிட்டாகக் குறிக்கும் பட்டியலை) கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்கி கன்சோல் 26-வது வகை. முகமூடியின் இடது கோடி பிட் முதல் வகை. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 26-வது பிட், ஹெக்ஸில் 40. பழைய வரி முறைச் செய்திப் பலகைக்கு வேறு வகை எண். அதில் எழுத்துகள் எப்சிடிக்கில் போக வேண்டும், செய்திக்கு உள்ளே இன்னும் சில அடுக்குத் தலைப்புகளும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆஸ்கி வழியிலேயே போங்கள்.

கட்டம் எட்டால் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும். அது ஏன் என்று யோசித்தபோதுதான் இந்த இடைமுகத்தின் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்தது. வேலை முடிந்து 2401 வரும்போது கூடவே வரும் 32 பிட் மதிப்பில், எந்தக் கட்டம் முடிந்தது என்ற முகவரி இருக்கிறது. முகவரி எட்டால் வகுபடுவதால் அதன் கடைசி மூன்று பிட்களும் எப்போதும் சுழி. சுழியாக இருக்கும் இடத்தை வீணாக்குவானேன்? கடைசி இரண்டு பிட்களில் ‘உனக்காக இங்கே நிகழ்வு காத்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்’ என்ற சேதியை வைத்துவிட்டார்கள். லினக்ஸ் அந்த மதிப்பை வாங்கியதும் கடைசி மூன்று பிட்களை மறைத்து முகவரியை எடுக்கிறது. பிறகு கடைசி இரண்டைப் பார்த்துப் புது நிகழ்வு உண்டா என்று முடிவு செய்கிறது. கட்டம் இரண்டு ஜிபிக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியும் அந்த 32 பிட்டோடு பொருந்தித்தான் இருக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் இப்படி ஒரு எல்லையைப் பார்க்கும்போது, அந்தக் காலத்து யாரோ ஒரு பொறியாளரின் சிக்கன புத்தி இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலை இது. மறைத்து வைக்க வேண்டிய அசிங்கம் எதுவும் இதில் இல்லை. அதனால்தான் இது எழுதப்படாமல் கிடப்பது எனக்கு உறுத்துகிறது.

‘லினக்ஸ் மூலநிரல் இருக்கிறதே, அதைவிட நல்ல ஆவணம் ஏது?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். லினக்ஸ் வந்தது பெரிய திருப்பம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதற்கு முந்தைய நிலைமை தெரிந்தவர்களுக்கு அந்தத் திருப்பத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். ஒரு காலத்தில் ஐபிஎம் தன் இயங்குதளங்களை மூலநிரலோடு தந்துவந்தது. வாடிக்கையாளர்கள் அதைப் படித்தார்கள், திருத்தினார்கள், திருத்தங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். 1983-ல், இனி ஆப்ஜெக்ட் கோட் (இயந்திரம் ஓட்டுவதற்கான, மனிதர் படிக்க முடியாத வடிவம்) மட்டும்தான் என்று நிறுவனம் அறிவித்தது. பயனர் குழுக்கள் கொந்தளித்தன, விஎம் பயனர்கள் எல்லோரையும்விட அதிகமாக. மூலநிரல் மெல்ல மறைந்தது. அதன் வழியே ஹார்டுவேரைப் பற்றித் தெரிந்துகொண்டிருந்ததும் கூடவே மறைந்தது.

1999 டிசம்பர் 18 அன்று லினக்ஸ் 2.2.13 கர்னலுக்கான எஸ்/390 திருத்தங்களை ஐபிஎம் வெளியிட்டது. முதல் சில ஆண்டுகளில் சில நெட்வொர்க் டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) மட்டும் ஆப்ஜெக்ட் கோடாகவே வந்தன. கர்னல் பதிப்பு மாறினால் பொருத்தமான டிரைவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிறகு அவையும் திறந்தன. அன்றுமுதல், கையேட்டில் பக்கம் இல்லாத பல கட்டளைகளுக்கு லினக்ஸ் டிரைவர்தான் பக்கம். 2012-ல் இசட்இசி12 தலைமுறை வந்து, பிசிஐ அட்டைகளோடு பேசுவதற்கென்றே புதுக் கட்டளைகள் சேர்ந்தபோது, அவற்றை நான் படித்தது 2013-ல் வெளியான லினக்ஸ் 3.8-ல். பிறகு கியூஇஎம்யூவில் அதே கட்டளைகளின் மறுபக்கம் கிடைத்தது: லினக்ஸ் கேட்பது ஒரு பக்கம், இயந்திரமாக நடித்துப் பதில் சொல்வது மறுபக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது போதையேறும் வேலை.

ஆனாலும் நண்பர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சேனல் அமைப்பைக் கேள்வி கேட்கும் பி25எஃப் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியைத் தரவுக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தால் இயந்திரம் பதில் எண் ஒன்றைத் தருகிறது. லினக்ஸில் அந்த எண்ணைப் பிழையாக மாற்றும் சின்னச் செயல்கூறு இருக்கிறது. 1 வந்தால் வெற்றி. 4 வந்தால் அந்த வசதி இல்லை. 2, 3, 6, 7 எது வந்தாலும் ஒரே பதில்: ‘தவறான மதிப்பு’. இயந்திரம் அவற்றை வேறுபடுத்திச் சொல்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்தத் தவறுக்கு எந்த எண் என்று முடிவு செய்திருக்கிறார். லினக்ஸுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, ஒன்றாகச் சேர்த்துவிட்டது. டிரைவரை மட்டும் படிக்கிறவருக்கு அந்த வேறுபாடு காணாமலே போய்விடுகிறது.

டிரைவர் சொல்வது, ‘நான் இப்படிச் செய்தேன், வேலை நடந்தது’ என்பதை மட்டும். வேறு எப்படிச் செய்தாலும் நடக்குமா, அடுத்த மாடலிலும் நடக்குமா, இப்போது சுழியாக அனுப்பும் அந்த இரண்டு பைட்டுகளை இயந்திரம் பார்க்கிறதா பார்ப்பதே இல்லையா என்பதற்கெல்லாம் அதில் விடை கிடையாது. கையேடு சொல்வது வாக்கு. 1964-ல் எழுதிய பயனர் நிரல் இன்றைய இயந்திரத்திலும் ஓடுகிறது என்று இந்தத் துறையில் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அது சாத்தியமானது அந்த வாக்கை எழுத்தில் கொடுத்து, எழுதியதைக் காப்பாற்றியதால். எழுதாத இடத்தில் அந்த வாக்கு கிடையாது. இயங்குதளத்தைத் தொடங்கி முதல் வரியைக் காட்டுவதே அந்த எழுதாத இடத்தின் வழியாகத்தான் என்றால், மேலே கட்டியிருக்கும் உறுதி எல்லாம் ஒரு பழக்கத்தின் மேல் நிற்கிறது.

இதில் பணமும் இருக்கிறது, பெரிய பணம். எழுதப்பட்ட இடைமுகம் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சேனல் கேபிளே சாட்சி. ‘பஸ்’, ‘டேக்’ என்று இரண்டு தடித்த கேபிள்கள். ஒன்றில் எட்டு பிட் தரவும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பாரிட்டி பிட்டும், மற்றொன்றில் ‘முகவரி இது’, ‘நிலை இது’, ‘எடுத்துக்கொண்டேன்’ என்று இருபுறமும் மாறிமாறிச் சொல்லும் கம்பிகள். எந்தக் கம்பி எப்போது உயர வேண்டும், எது தாழ்ந்த பிறகு எது தாழலாம் என்று ஐபிஎம் அதை மற்ற உற்பத்தியாளர்களுக்கென்றே ஓர் ஆவணமாக வெளியிட்டது. மெமோரெக்ஸ், டெலெக்ஸ், ஸ்டோரேஜ் டெக்னாலஜி போன்ற நிறுவனங்கள் அந்தக் கேபிளின் மறுமுனையில் தங்கள் டிஸ்க்குகளையும் டேப்களையும் பொருத்தின. 1979-ல் அமெரிக்க அரசு அந்த இடைமுகத்தைத் தன் கொள்முதலுக்கான தரமாகவே ஏற்றது. ஐபிஎம்மை விட்டு விலகிய ஜீன் அம்டாலின் நிறுவனம் 1975-ல் முதல் 470வி/6 இயந்திரத்தை நாசாவுக்கு அனுப்பியது. அது ஐபிஎம்மின் நிரல்களையே ஓட்டியது. கட்டமைப்பு ஊரறிய எழுதப்பட்டிருந்ததால்தான் அப்படி ஒரு இயந்திரம் சாத்தியமாயிற்று.

எழுதப்படாத இடைமுகம் என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி உண்டு, அது அவ்வளவு அழகானதில்லை. 1982 ஜூனில் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஊழியர்கள் எஃப்பிஐயின் பொறியில் சிக்கினார்கள். அவர்கள் தேடியவற்றில் 3081 இயந்திரத்தின் உள் ஆவணங்களும் இருந்தன. அடுத்த ஆண்டு ஹிட்டாச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டது. திருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒத்தியங்கும் இயந்திரம் செய்கிறவருக்கு உள்விவரம் எவ்வளவு விலைமதிப்பானது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் சந்தை ஆய்வும் சொல்ல முடியாது.

1984 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஐபிஎம் ஓர் உறுதிமொழி கொடுத்தது. ஐரோப்பியச் சந்தையில் சிஸ்டம்/370 ஹார்டுவேர் அறிவிக்கப்பட்ட நான்கு மாதங்களுக்குள் அதன் இடைமுக விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தருவதாகச் சொன்னது. எனக்கு இந்த உறுதிமொழியில் பிடித்தது அதன் அளவுதான். சிப்பின் வரைபடம் கேட்கப்படவில்லை, மைக்ரோகோட் கேட்கப்படவில்லை. எல்லைக்கோட்டில் நடப்பது மட்டும் கேட்கப்பட்டது. 1990-களின் நடுவில் அது முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு பிளாட்ஃபார்ம் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் சாதாரண சர்வர்களில் மெயின்ஃபிரேம் இயங்குதளத்தை ஓட்ட முயன்றது. 2006-ல் ஐபிஎம் வழக்குத் தொடுத்தது, 2008-ல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. 2010-ல் ஆணையம் மறுபடி விசாரணைகளைத் தொடங்கியது. எமுலேட்டர் நிறுவனங்களின் புகார்கள் திரும்பப் பெறப்பட்டதும் அந்தப் பகுதி முடிந்தது. ஆனால் மெயின்ஃபிரேம்களைப் பழுது பார்க்கும் மூன்றாம் தரப்பினருக்கு உதிரிபாகமும் தொழில்நுட்பத் தகவலும் தருவது குறித்து ஐபிஎம் கொடுத்த உறுதிகளை 2011 டிசம்பரில் ஆணையம் சட்டபூர்வமாகக் கட்டுப்படுத்தும் உறுதிகளாக ஆக்கியது. பழுது பார்ப்பதற்கென்று 1964-ல் ஒதுக்கிய மூலை, கடைசியில் சட்டத்தின் கண்ணில் பட்ட இடமாயிற்று.

உற்பத்தியாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. கையேட்டில் ஏறிய ஒவ்வொரு பிட்டையும் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டும். இன்றைய இயந்திரங்களில் சிக்கலான கட்டளைகள் மில்லிகோட் என்ற உள்நிரலால் நடக்கின்றன. அந்த மில்லிகோட் சிப்போடு பேசும் மொழியை எழுதிக்கொடு என்று கேட்பது அநியாயம். அது மாறிக்கொண்டே இருந்தால்தான் இயந்திரம் வேகமாகும். இயந்திரத்துக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிவது எதுவோ, அது உற்பத்தியாளரின் சொந்த விஷயம்.

என் அளவுகோல் இதுதான்: வெளியார் எழுதிய இயங்குதளம் ஒன்று கிளம்புவதற்கு எதைக் கூப்பிட்டே ஆக வேண்டுமோ, அது உள்விஷயம் இல்லை. பி220 இல்லாமல் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ள முடியாது, கன்சோலில் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. லினக்ஸில் அதன் வடிவம் வெளியாகி இத்தனை வருடம் ஆன பிறகு மாற்றும் சுதந்திரமும் பெரும்பாலும் போய்விட்டது. மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ்கள் எழுந்திருக்காது. எழுதாமல் விடுவதால் கிடைக்கும் ஒரே லாபமும் போன பிறகு, எழுதாமல் இருப்பதற்கு என்ன காரணம் மிச்சம்?

இன்னொரு வினோதம். பழைய இயந்திரங்கள்தான் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டவை. சிஸ்டம்/360 காலத்துக் களப்பொறியாளர் கையேடுகளைப் புரட்டினால் மின்சுற்றின் ஓட்டமும் மைக்ரோகோடும் படிப்படியாக வரையப்பட்டிருக்கும். இயந்திரத்தோடு கட்டுக்கட்டாக அவையும் போயின, ஏனென்றால் பழுது பார்க்கப் போகிறவர் அதை வைத்துத்தான் கோளாறைத் தேட வேண்டும். அவற்றில் பல இன்று ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடக்கின்றன. ஆர்வலர்கள் அவற்றை வைத்து மாடல் 30-ன் மைக்ரோகோடையே மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். இப்போதைய இயந்திரங்களில் அந்த அறிவு சர்வீஸ் பிராசசருக்குள் நிரலாகப் போய்விட்டது. இன்றைக்கு ஓடும் இயந்திரத்தை ஐம்பது வருடம் கழித்து ஒருவர் மீட்டெடுக்க நினைத்தால், அவர் கையில் பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷனும் லினக்ஸ் மூலநிரலும் கியூஇஎம்யூவும் ஹெர்குலிஸும் இருக்கும். மோசமான நிலைமை இல்லை. ஆனால் அந்த நால்வரில் மூவர் வெளியார்.

ஹெர்குலிஸ் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. ரோஜர் பவுலர் தொடங்கிய அந்த எமுலேட்டர் 1999-ல் பொதுவெளிக்கு வந்தபோது, எழுதப்பட்டதை மட்டும் வைத்து ஒரு மெயின்ஃபிரேம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. அதிசயமாக, ரொம்ப தூரம். எழுதப்படாத சில இடங்களைத் தன்னார்வலர்கள் பொறுமையாகத் தடவித் தடவி நிரப்பினார்கள்: இயங்குதளம் எதைக் கேட்கிறது என்று பார்ப்பது, ஒரு பதிலைக் கொடுத்துப் பார்ப்பது, அது அடுத்து எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது. நானும் அப்படி வேலை செய்கிறேன். குறிப்பு எழுதும்போது நான் வைத்திருக்கும் ஒரே விதி, பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் எழுதுவது. ‘லினக்ஸ் இங்கே சுழி அனுப்புகிறது’ என்பது பார்த்தது. ‘இங்கே சுழிதான் இருக்க வேண்டும்’ என்பது ஊகம். அடுத்தவர் என் குறிப்பை வைத்து நிரல் எழுதும்போது இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

விற்பனைக்கான பொருளாக எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கர்னல் டிரைவர்கள் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உள்ளவை. அவற்றைப் படித்தவரே நிரலையும் எழுதினால் நாளைக்கு வம்பு வரலாம். ஒருவர் படித்து, இடைமுகத்தை மட்டும் சொந்த நடையில் விவரித்துக் கொடுக்க, படிக்காத இன்னொருவர் அதை வைத்து எழுதுவதுதான் வழக்கமான பாதுகாப்பு. பி220-க்கு அப்படி ஒரு விவரணை எழுதினால் சில பக்கங்களில் முடிந்துவிடும்: கட்டத்தின் வடிவம், முகவரி விதிகள், ஆணை எண்கள், பதில் எண்கள், இன்டரப்ட் மதிப்பின் கடைசி பிட்கள். உற்பத்தியாளரின் பெயரோடு வெளியானால் அதுவே வாக்காகிவிடும்.

தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கியூஇஎம்யூவின் மூலநிரலில் எஸ்390-க்கான பூட் நிரல் சிறியது, அதில் எஸ்சிஎல்பி கோப்பு இன்னும் சிறியது. அங்கே தொடங்குங்கள். முகமூடி பதிவதும் எழுத்து அனுப்புவதும் ஒரே கோப்பில் இருக்கும். பக்கத்தில் பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷனின் இன்டரப்ட் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் ரெஜிஸ்டர் 0-ல் 54-வது பிட்டை ஏற்றி, 2401-க்குக் கையாளும் நிரலை வைத்த பிறகே பி220-ஐக் கூப்பிடுங்கள். பதில் எண் ஹெக்ஸில் 0020 என்று வந்தால் கன்சோலில் உங்கள் எழுத்து வந்திருக்கும்.